தின்னாத மாம்பழம்

நிர்மலாவின் மெஷின் நூற்றி எண்பத்தாறு என்று காட்டியது. கிருஷ்ணப்பன் ஊசி குத்திய விரலைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பரீட்சையில் தவறிப்போன பையன் அப்பாவைப் பார்ப்பதுபோல மனைவியைப் பார்த்தார். கண்ணம்மாள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள். மீசையின் ஓரத்தில், உதட்டின் கடைவாயில், மஞ்சளாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடினாள்.

"போன மாசத்துக்கு எட்டு ஏறியிருக்குதுங்கண்ணா," என்றாள் நிர்மலா. மாரண்டஹள்ளியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, சுற்றியுள்ள சின்னச் சின்ன ஊர்களில் கொட்டாய் கொட்டாயாகச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறவள் அவள். "வெறும் வயித்துலதான இருக்கறீங்க?"

"பச்சத்தண்ணிகூடக் குடிக்கல நிர்மலா."

"மாத்தர?"

"ஒரு வேள தப்பல."

"அப்பறம் எப்பிடி ஏறுது?" என்று கண்ணம்மாள் கேட்டாள். நிர்மலாவிடம் கேட்பதுபோல் கேட்டாலும் கேள்வி போய் விழுந்தது புருஷன் மேல்தான். "சக்கர என்ன கூரையில இருந்தா ஒழுவுது? வாய் வழியாத்தான உள்ள போவோணும்?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் கிருஷ்ணப்பனுக்குச் சங்கடமே.

ஏரிக்கோடிக் கொட்டாயில் அவருக்கு மாங்கா கிருஷ்ணப்பன் என்று பெயர். இருபத்தைந்து வருடமாக மாந்தோப்புகளைக் குத்தகைக்குப் பிடித்து, காய் இறக்கி, கூழ் ஆலைக்கும் மண்டிக்கும் அனுப்புகிற தொழில். பழத்தைக் கீற்றுப்போட்டு வாயில் வைத்தாரென்றால் அது எந்தத் தோப்பு, எந்தப் பக்கத்து மரம், இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். செந்தூரா பழுக்கிற காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பழம் அவர் வயிற்றுக்குள் போவது ஊரறிந்த செய்தி. போன தை மாதம் சர்க்கரை என்று தெரிந்ததும் கண்ணம்மாள் அவர் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, இனி ஒரு பழம் தொடமாட்டேன் என்று சொல்ல வைத்தாள். அவரும் சொன்னார். இந்த வைகாசியில் அவர் பழத்தை மோந்து மட்டும் பார்த்தார். காய் இறக்க வந்த ஆட்களிடம் கீற்றைக் கொடுத்து, "எப்பிடி இருக்குது? புளிப்பு பின்னால வருதா முன்னால வருதா?" என்று அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கிறவர்களுக்கே பாவமாக இருக்கும்.

கண்ணம்மாளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறது என்பதற்காக நம்பிக்கை வந்துவிடுமா? தோப்பு அவர்கள் வீட்டுக்கு எதிரிலேயே, ஒரு அவரைக்காடு தாண்டி. காவலுக்கு அவர் பாதி நாள் அங்கேதான் கிடக்கிறார். சுற்றிலும் பழம். பூனையைப் பால்சட்டிக்குக் காவல் வைத்த கதை.

அவள் துப்பறிய ஆரம்பித்தாள். துண்டை மோந்தாள், மாம்பழ வாசனை வந்தது, ஆனால் தோப்பில் நின்ற மாட்டின் மேலும் அதே வாசனைதான் வந்தது. தோப்புக்குப் போய்க் கீழே கிடந்த மாங்கொட்டைகளைப் பொறுக்கினாள். வௌவால் சூப்பியது ஒரு பக்கமாகச் சுரண்டியிருக்கும், அதைத் தள்ளிவைத்தாள். அணில் கடித்ததைத் தள்ளிவைத்தாள். மனுசன் சப்பியதாகப் பதினோரு கொட்டை தேறியது. அதைக் கொண்டுவந்து வாசலில் பரப்பி வைத்தாள்.

"இது யாரு தின்னது?"

"ஆறு ஆளு வேல செய்யறாங்க புள்ள. அவங்க வாய நான் தெச்சா உட முடியும்?"

"ஆறு ஆளுக்குப் பதினொண்ணா? கணக்கு ஒதைக்குதே."

"ஒருத்தன் ஒண்ணுதான் திம்பானா? நீ என்னா பேசற."

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணீங்க. அத நெனப்புல வெச்சுக்கங்க. எனக்கு ஏதாச்சும் ஆனா அது உங்க வாயாலதான்."

அதுதான் அவளை உண்மையிலேயே வதைத்தது. பழம் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும், ஆம்பளை, ஆசைப்பட்டுவிட்டான் என்று விடலாம். தன் தலைமேல் கைவைத்துச் சொன்ன சொல்லை, முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவர், ஒரு மாம்பழத்துக்காகத் தூக்கிப் போட்டுவிட்டாரா? அப்படிப் போட்டவர் வேறு எதையெல்லாம் போட்டிருப்பார்? இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கை வேலையில் ஓடவில்லை.

கிருஷ்ணப்பனுக்கு ரோஷம் வந்தது. "நாளையில இருந்து பொழுது சாஞ்சா எனக்குச் சோறே வோணாம். நீயே காவலுக்கு உக்காரு. அப்பப் பாக்கலாம்," என்றார். மூன்று நாள் ராச்சாப்பாடு இல்லாமல் கிடந்தார். தோப்புக்குப் போகவில்லை. வீட்டு வாசலிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்தார். கண்ணம்மாள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக் காவல் இருந்தாள். நாலாம் நாள் காலையில் நிர்மலாவைப் போன் போட்டு வரவழைத்தார்கள். மெஷின் இருநூற்றி ஒன்று காட்டியது.

கிருஷ்ணப்பன் மெஷினைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ரிப்பேருங்களா?"

"இல்லீங்கண்ணா. காலையில நாலு வூட்ல பாத்துட்டுத்தான் வர்றேன்," என்றாள் நிர்மலா. அவள் முகத்தில் யோசனை ஓடியது. "அண்ணா, நீங்க ஒருக்கா பாலக்கோடு பெரியாஸ்பத்திரிக்கு வந்து வயிறு ஸ்கேன் எடுத்துடுங்க. நான் எழுதித் தர்றேன். டேட்டு கெடைக்க ஒரு மாசம் ஆவும், பரவால்ல."

கண்ணம்மாளுக்கு ஸ்கேனும் தேவைப்படவில்லை, ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் கண் அசந்த நேரத்தில் எழுந்து போயிருக்கிறார். அவள் தீர்மானித்துவிட்டாள்.

"வெள்ளிக்கெழம முனியப்பன் கோயிலுக்கு வாங்க. கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க."

கிருஷ்ணப்பன் அவளையே பார்த்தார். "தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

ஏரிக்கோடி முனியப்பனிடம் கற்பூரம் அணைப்பது விளையாட்டுக் காரியமில்லை. எரிகிற கற்பூரத்தின் மேல் கையை வைத்து அணைத்து, நான் சொல்வது நிஜம் என்று சொன்னவர், நாற்பத்தெட்டு நாள் சாமியின் பார்வையில் இருப்பார். பொய்யானால் அதற்குள் காட்டிவிடும். அந்த நாற்பத்தெட்டு நாளும் சத்தியம் கேட்டவரும் சத்தியம் செய்தவரும் ஒரே பானைச் சோறு உண்ணக்கூடாது. பேசலாம், உப்பைப் பங்கு போடக்கூடாது. கடைசி நாள், கேட்டவர் தன் கையால் ஆக்கிக் கொண்டுவந்து, "நீ சொன்னது நெசம்" என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லி, ஒரு கை அள்ளி மற்றவர் கையில் வைத்தால்தான் கட்டு அவிழும். மனசு வராதவர்கள் வரமாட்டார்கள். அப்படி வராமலே நின்றுபோய், அண்ணன் தம்பி இரண்டு அடுப்பாகப் பிரிந்தது அந்த ஊரில் இரண்டு குடும்பத்தில் நடந்திருக்கிறது. புருஷன் பெண்டாட்டிக்குள் இதுவரை யாரும் அணைத்ததில்லை.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற மகள் வெண்மதி போனில் கத்தினாள். "அம்மா, உனக்கென்ன பைத்தியமா? ஒரு மாம்பழத்துக்கு யாராவது முனியப்பன் கோயிலுக்குப் போவாங்களா? ஊரு சிரிக்கும்."

"ஊரு சிரிச்சா பல்லு தெரியும், உடு. எனக்கு நெசம் தெரியோணும்."

வெள்ளிக்கிழமை காலையில் பூசாரி மாது கற்பூரத்தைப் பற்றவைத்தார். "இன்னொருக்கா யோசிங்க கவுண்டரே, ரெண்டு பேரும் வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்ல," என்றார். கிருஷ்ணப்பன் துண்டை இடுப்பில் கட்டினார். "தையில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு கீத்து மாம்பழம் என் நாக்குல படல. சக்கர, வெல்லம், மிட்டாயி, எதும் திருட்டுத்தனமாத் தின்னல," என்று சொல்லிக் கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தார். கண்ணம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை. வருத்தம் மட்டும் இருந்தது. ஆனாலும் இருநூற்றி ஒன்று என்ற எண் கண்ணுக்குள்ளேயே நின்றது.

கிருஷ்ணப்பன் ஒரு பானை, ஒரு சட்டி, அரைப்படி ராகிமாவு, பாய், தலையணை எடுத்துக்கொண்டு தோப்புக் கொட்டகைக்குக் குடிபோனார்.

மரத்தில் அணில் மாதிரி ஏறுகிற மனுசனுக்கு அடுப்பு பிடிபடவில்லை. முதல் நாள் அவர் கிளறிய களியைப் பார்க்கவே ஊரில் இரண்டு பேர் போனார்கள். கட்டி கட்டியாக, வெளியே வெந்து உள்ளே மாவாக இருந்தது. கண்ணம்மாளோ களிக்குப் பேர்போனவள். அவள் துடுப்பைப் பிடித்துப் பானையைக் காலால் அணைத்துக்கொண்டு கிளறினால் களி பளபளவென்று, கையில் ஒட்டாமல், வழவழப்பாக வரும். விருந்துக்கு வந்தவர்கள் அவள் வீட்டில் ஒரு உருண்டை கூடத்தான் தின்பார்கள். இரண்டாம் நாள் அவரைக்காட்டு வேலி ஓரம் நின்று இருவரும் பேசிக்கொண்டார்கள். பேச்சுக்குத்தான் தடையில்லையே.

"ஏ கண்ணம்மா. மாவு கட்டி கட்டுது. என்னா பண்றது?"

"மாவக் கொட்டின ஒடனே கிளறுனீங்களா?"

"பின்ன? கிளறாம பூசையா பண்ணுவாங்க?"

"அங்கதான் தப்பு. தண்ணி தளதளன்னு கொதிச்சு வரும்போது மாவக் குமிச்சுக் கொட்டோணும். துடுப்பால நடுவுல ஒரு குத்து. அப்பிடியே உட்டுடோணும். அது பொங்கிப் பொங்கி வேவும். அப்பறம் எறக்கி வெச்சுக் கிளறோணும். அவசரப்பட்டா களி கோவிச்சுக்கும்."

"உன்ன மாதிரியேன்னு சொல்லு."

"நான் கோவிச்சுக்கலன்னா இந்நேரம் உங்களுக்கு முந்நூறு ஆயிருக்கும்."

"நான் தின்னலடி."

"முனியப்பனுக்குத் தெரியும்."

சொல்லிக்கொடுத்தும் அவருக்குக் கை வரவில்லை. நாலு நாள் முயன்று தோற்றார். அப்புறம் களியை விட்டார். ஒரு கை சாமை, ஒரு கை கொள்ளு போட்டு வேகவைத்து, வரப்பில் கிடைத்த பண்ணைக்கீரையையோ தொய்யக்கீரையையோ கிள்ளிப்போட்டு உப்புப் போட்டு இறக்கினார். விளக்கு வைத்தால் பூச்சி வந்து சட்டியில் விழுகிறது என்று பொழுது சாய்வதற்கு முன்பே சாப்பிட்டு முடித்தார். சாப்பாடு அப்படியொன்றும் ருசியாக இல்லாததால் இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்தது, உப்பு தீர்ந்தது, மிளகாய் தீர்ந்தது என்று இரண்டு நாளைக்கொரு தரம் மாரண்டஹள்ளிக்கு மூன்று மைல் நடந்து போய் நடந்து வந்தார். தொந்தி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வேட்டியை இரண்டு விரல் உள்ளே தள்ளிக் கட்டவேண்டியிருந்தது.

இதையெல்லாம் கண்ணம்மாள் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் புகை எழும்பவில்லை என்றால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. தனக்கென்று களி கிளறினால் மூன்று ஆளுக்கு வந்துவிடும். மிச்சத்தை மாட்டுக்கு வைத்தாள். மாடு நன்றாகத் தேறியது.

மூன்றாம் வாரம் நிர்மலா வந்து பார்த்தாள். நூற்றி ஐம்பத்தெட்டு. ஐந்தாம் வாரம் நூற்றி முப்பத்தி நாலு. நிர்மலாவின் முகம் மலர்ந்துபோனது. கொட்டாயே முனியப்பனைக் கும்பிட்டது. பூசாரி மாது, கோயிலுக்குச் சுகர்காரர்கள் கூட்டம் வரப்போகிறது என்று தரையைச் சாணி போட்டு மெழுகிவிட்டார்.

கண்ணம்மாளுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. எண் இறங்க இறங்க அவள் சந்தேகம் இறுகியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாளிடம் சொன்னாள்: "பாத்தியாக்கா, சாமிக்குப் பயந்துகிட்டு இப்பத்தான் நிறுத்தியிருக்காரு. அதான் எறங்குது. அப்ப முன்னால தின்னது நெசந்தான?"

"அப்பிடியும் இருக்கலாம்," என்றாள் பெரியம்மாள். அவள் எதைச் சொன்னாலும் அப்படியும் இருக்கலாம் என்பவள்.

"தின்னுட்டு, தின்னலன்னு கற்பூரம் அணைச்சிருக்காரு. அவர நெசம்னு நான் எந்த வாயால சொல்றது? சொல்லலன்னா இந்த வூடு, அந்தக் கொட்டகன்னு கடைசி வரைக்கும் ரெண்டு அடுப்புத்தான்."

சொல்லிவிட்டு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்படியும் இருக்கலாம் என்று இதற்குச் சொல்லாமல் பெரியம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நாற்பத்தி மூன்றாம் நாள் ஸ்கேனுக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். ஸ்கேன் எடுத்து, மத்தியானத்துக்கு மேல் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். சின்ன வயசுப் பெண். தலைவலியோடு இருந்தாள் போல, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சீட்டைப் படித்தாள்.

"கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. குடிப்பீங்களா?"

"இல்லீங்க."

கண்ணம்மாள் சட்டென்று திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ஈரல் கெட்டது என்றால் அவள் ஊரில் ஒரே அர்த்தம்தான். அவளுக்குத் தெரிந்து ஈரல் கெட்டுச் செத்த நாலு பேரும் சாராயத்தால் செத்தவர்கள். மாம்பழத் திருடன் என்று பார்த்தால் குடிகாரனாகவும் இருப்பார் போலிருக்கிறதே.

"ஏனுங்கம்மா, ஈரலு கெடறது குடிக்கறவங்களுக்குத்தானுங்களே?"

"குடிக்காதவங்களுக்கும் வரும்மா. இப்ப நிறைய வருது. உடம்புக்கு வேணுங்கறதுக்கு மேல சாப்பிட்டா, மிச்சத்தைக் கொழுப்பாக்கி அங்க கொண்டுபோய் வைக்கும். நல்லவேளை, இன்னும் ஈரல் கெடல. கொழுப்புதான். குறைச்சுடலாம். குறைய ஆரம்பிச்சிருச்சுன்னுதான் நினைக்கறேன், எடை நாலு கிலோ இறங்கியிருக்கே. காலை சுகரும் இறங்கியிருக்கு."

கண்ணம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். நாற்பத்தி மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கேள்வி.

"அம்மா, ஒண்ணு கேக்கறன், கோவிச்சுக்காதீங்க. ராத்திரி ஒண்ணுமே தின்னாம வெறும் வயித்தோட படுத்த ஆளுக்கு, காலையில சக்கர ஏறுமுங்களா? ஏறாதில்லீங்களா?"

"ஏறும்."

"எங்கிருந்துங்க வரும்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "உங்க வீட்ல தானியம் எதுல வெப்பீங்க?"

"குதிர்லங்க."

"கல்லீரல் உடம்புக்குள்ள இருக்கற குதிர். பகல்ல சாப்பிட்டதுல கொஞ்சம் சேத்து வெச்சுக்கும். ராத்திரி நாம தூங்கும்போது, மூளைக்கும் இதயத்துக்கும் வேணுமில்ல, அதுக்காகக் கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரைய அளந்து ரத்தத்துல விடும். போதும்னு இன்சுலின் சொன்னா நிறுத்திக்கும். கொழுப்பு படிஞ்ச ஈரலுக்கு அந்தப் பேச்சு காதுல விழாது. விடிய விடிய அள்ளிக் கொட்டிட்டே இருக்கும். பட்டினி கிடந்தா, வெளியிலிருந்து வரத்து நின்னுபோச்சேன்னு இன்னும் கூடக் கொட்டும். அதனால ராத்திரி பட்டினி மட்டும் வேண்டாம்."

"அப்ப இவுரு திருட்டுத்தனமா எதும்..."

"தின்னிருக்க வேண்டியதே இல்லம்மா. இவர் உடம்பே போட்ட சர்க்கரை இது."

கிருஷ்ணப்பன் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சரி, ராத்திரி வழக்கமா என்ன சாப்பாடு?" என்றாள் டாக்டரம்மா.

இதற்குப் பதில் சொல்லக் கண்ணம்மாளுக்குப் பெருமைதான். "களிங்க. ராகி சுகருக்கு நல்லதுன்னு டிவியிலகூடச் சொல்றாங்களே. அரிசியே கண்ணுல காட்டறதில்லீங்க."

"நல்லது. எவ்வளவு பெரிய உருண்டை?"

கண்ணம்மாள் இரண்டு கையையும் குவித்துக் காட்டினாள். உரித்த தேங்காய் ஒன்று அதற்குள் தாராளமாக உட்காரும்.

"ஒண்ணா?"

"எப்பவும் ரெண்டுங்க. இந்த வருசம் பழம் திங்க வோணாம்னு சொல்லிட்டமே, பாவம், வாய் கட்டிக் கெடக்கறாரேன்னு..." அவள் குரல் இறங்கியது. "மூணு வெச்சங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ராகி நல்லதுதாம்மா. மூணு பேர் சாப்பாட்டை ஒரே ஆள் ராத்திரியில சாப்பிட்டா, எது நல்லதா இருந்தாலும் மிச்சம் ஈரலுக்குத்தான் போகும். உங்க கை முட்டி அளவு ஒரு உருண்டை போதும். கூடக் கொள்ளு, கீரை, காய் நிறைய. பொழுதோட சாப்பிட்டுடணும். நடக்கணும். மாத்திரைய விடக்கூடாது. இந்த ஒரு மாசமா என்ன செஞ்சீங்களோ அதையே செய்யுங்க."

இந்த ஒரு மாசமாகச் செய்தது அவள் கையால் சாப்பிடாமல் இருந்தது ஒன்றுதான்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பஸ் பாலக்கோடு தாண்டியது.

"என்னைய நாலு திட்டு திட்டுங்க," என்றாள் கண்ணம்மாள்.

"எதுக்கு?"

"நான் போட்ட சோறுதான் உங்களுக்கு நஞ்சாயிருக்குது. நான் உங்களக் கொண்டுபோயி முனியப்பன்கிட்ட நிறுத்தினேன். நெசமா நிக்க வேண்டியவ நானு."

"ஏ, என்னா பேச்சு பேசற. நஞ்சு கிஞ்சுன்னு. திங்கற வாயி என்னுதுதான? நீ என்னா திணிச்சியா உட்ட?"

"திணிக்கல. ஒரு நாளாச்சும் வோணாம்னு நீங்க சொன்னதில்லையே. 'இன்னம் கொஞ்சம் கொண்டா'ன்னுதான் கேப்பீங்க."

கிருஷ்ணப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தக்காளிக் கூடைகள் ஏற்றிய வண்டி ஒன்று எதிரே போனது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்றன். கோவிச்சுக்காத."

"சொல்லுங்க."

"கல்யாணமான புதுசுல ஒரு நாளு ஒரு உருண்டையோட எந்திரிச்சுட்டேன். நீ மூஞ்சியத் தூக்கிட்டு, ருசி இல்லையான்னு கேட்டு, அடுப்புகிட்ட உக்காந்து அழுத. அன்னையில இருந்து நான் 'இன்னம் கொண்டா'ன்னு கேக்கறது. ரெண்டாவது உருண்ட எனக்கு எப்பவுமே வயித்துக்கு மேலதான். இந்த வருசம் மூணாவது வெச்ச பாரு, அத திங்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயிரும்."

கண்ணம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம். ஒரு நாளைக்கு ஒரு உருண்டை என்றாலும் எத்தனை ஆயிரம் உருண்டை.

"அப்பப் பொய் சொல்லியிருக்கறீங்க."

"மாம்பழத்துல சொல்லல."

அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் மூக்கைச் சிந்தவேண்டியதாயிற்று. முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். "இந்த மனுசன..." என்று ஆரம்பித்து, மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் கண்ணம்மாள் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதை முனியப்பன் தடுத்ததாகத் தெரியவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் நிர்மலா வந்து பார்த்துவிட்டு நூற்றி இருபத்தாறு என்றாள். அன்றைக்குச் சாயங்காலம், வெயில் இருக்கும்போதே, கண்ணம்மாள் களி கிளறினாள். மாவைக் கொட்டும்போது கை பழக்கத்தில் சாய்ந்தது. பாதியில் நிறுத்தி, கொட்டியதில் ஒரு பங்கைத் திரும்ப அள்ளி எடுத்தாள். கொள்ளுக் கடைந்தாள். கீரை கடைந்தாள். மேலே ஒரு துணியைப் போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். ஓசூரிலிருந்து வெண்மதியும் லீவு போட்டு வந்துவிட்டாள். பூசாரி மாது தீபம் காட்டினார். கிருஷ்ணப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு, தொந்தி இறங்கிய வயிற்றோடு, மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"சொல்லும்மா," என்றார் பூசாரி.

கண்ணம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கணீரென்று சொன்னாள். "இவுரு சொன்னது நெசம். ஒரு கீத்துகூடத் தின்னல. நான் நம்பாம போனது தப்பு." கடைசி வரி வழக்கத்தில் இல்லாதது. அவளாகச் சேர்த்துக்கொண்டாள்.

"வெய்யம்மா, கையில."

அவள் உட்கார்ந்து களியில் கைவைத்தாள். கிள்ளினாள். இரண்டு கையாலும் உருட்ட வேண்டிய வேலை இல்லை. ஒரே உள்ளங்கைக்குள் உருண்டு வந்தது. கூட்டத்தில் யாரோ கிசுகிசுத்தார்கள். பூசாரி மாது எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, சாமி காரியத்துல கையி சுருங்குது? உன் வூட்டுக் களி உருண்டைன்னா மூணு ஊருக்குத் தெரியும். அள்ளு, நல்லா அள்ளு."

"போதுங்க," என்றாள் கண்ணம்மாள். "இவுருக்கு இது போதும்."

கிருஷ்ணப்பன் வாங்கிக் கொள்ளுக்கடைசலில் தொட்டுத் தின்றார். நாற்பத்தெட்டு நாள் வெந்ததும் வேகாததுமாகத் தின்ற நாக்கு. கண்ணை மூடிக்கொண்டு தின்றார். வழவழவென்று தொண்டையில் இறங்கியது. கடைசி விள்ளலை விழுங்கிவிட்டு, வெறுங்கையைப் பார்த்தார். விரலை நக்கினார். பிறகு பானையைப் பார்த்தார்.

"இன்னம் கொஞ்சம் கொண்டா."

கண்ணம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். முப்பத்தொரு வருடத்தில் இந்த ஒரு தடவை அவர் அதை நிஜமாகவே கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இதைவிட அவளுக்கு வேறு என்ன வேண்டும்? அவள் மனசு நிறைந்து பொங்கியது. பானையை இழுத்துத் துணியால் மூடி, தன் மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"வேற எதையாச்சும் கேளுங்க," என்றாள்.